முழங்கால் மடங்காதவன் உள்ளான் பறவையைக் கண்மட்டத்தில் படமெடுக்க வழி உண்டா?

எடைமேடை (தூத்துக்குடி) கேட்டது:

வணக்கம். உப்பளத்தில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவன் நான். வயது ஐம்பத்தொன்று. லாரி வரும், எடை போட்டுச் சீட்டு எழுதுவேன், லாரி போகும். அடுத்த லாரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பாத்திகளில் மேயும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். பெயர் தெரியாமலே பார்த்துவந்த பறவைகளுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பெயர் படிக்கிறேன். நான் 'ஓட்டக்காரன்' என்று மனத்துக்குள் கூப்பிட்டுவந்தது கொசு உள்ளான் என்பது போன வருடம்தான் தெரிந்தது.

மகளுக்கு வேலை கிடைத்ததும், ஒருவர் பயன்படுத்தி விற்ற நிக்கான் டி7200 கேமராவும் 200-500 மில்லிமீட்டர் தொலைதூர லென்ஸும் வாங்கிக் கொடுத்தாள். ஆறு மாதமாக எடுக்கிறேன். எல்லாப் படமும் மாடியில் நின்று முற்றத்துக் கோழியை எடுத்ததுபோல இருக்கிறது. பறவையின் முதுகு தெரிகிறது, சேறு தெரிகிறது, முகம் தெரியவில்லை. மகள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பறவையா, காய்ந்த சருகா?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். எனக்கே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

தரையோடு தரையாகப் படுத்து, பறவையின் கண்ணுக்கு நேராக லென்ஸை வைக்க வேண்டும் என்கிறார்கள். படுத்துப் பார்த்தேன். படுப்பது சிரமமில்லை, எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் பாதிதான் மடங்கும். வரப்பைப் பிடித்து, புரண்டு, ஒருவழியாக எழுந்தபோது பாத்தியில் ஒரு பறவை இல்லை. இந்தக் கேமராவின் திரை வெளியே மடங்கி வராது. குப்புறப் படுத்துக் கழுத்தை நிமிர்த்தித்தான் கண்ணை வைக்க வேண்டும். மூன்று நாள் கழுத்து வலி வேறு.

படுக்காமல் இதைச் செய்ய வழி உண்டா? புதுக் கேமரா வாங்கச் சொல்லாதீர்கள். வாங்குகிற நிலையில் இல்லை.

சேற்றுத்தவளை (சென்னை) எழுதியது:

படுத்தே ஆக வேண்டும், ஐயா. குறுக்கு வழி இல்லை. பள்ளிக்கரணையில் நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாமே வயிறு ஈரமான படங்கள். யோகாசனப் பாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கைக்குப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். அதிகாலையில், பறவை வருவதற்கு முன்னே போய்ப் படுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தால் அதுவே உங்களைத் தேடி வரும். எழுந்திருப்பதைப் பற்றிப் படமெடுத்து முடித்த பிறகு கவலைப்படலாம்!

பழைய உள்ளான் (வேதாரண்யம்) எழுதியது:

தவளைத் தம்பிக்கு முழங்கால் இருக்கிறது, பேசுகிறார். எனக்கு அறுபத்தாறு. நானும் ஒரு காலத்தில் படுத்தவன்தான்.

எடைமேடை ஐயா, நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். கொசு உள்ளான் நிற்கும்போது அதன் கண் தரையிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 8 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு எடுக்கிறீர்கள். லென்ஸ் 150 சென்டிமீட்டர் உயரத்தில். லென்ஸிலிருந்து உள்ளானின் கண் வழியாக ஒரு நூலை இழுத்து அப்படியே நீட்டினால், பறவைக்குப் பின்னால் 45 சென்டிமீட்டரில் அது தரையில் முட்டும். அதாவது உங்கள் படத்தில் உள்ளானின் தலைக்குப் பின்னணியாக இருப்பது ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் சேறு. அவ்வளவு பக்கத்தில் இருப்பது எப்படி மங்கும்? அதன் கட்டியும் குமிழும் கால் தடமும் பறவையோடு சேர்ந்து பதியும். பறவையும் சேற்று நிறம். அதனால்தான் உங்கள் மகளுக்குச் சருகாகத் தெரிந்திருக்கிறது.

அதே 8 மீட்டரில் உட்கார்ந்து எடுத்தால், லென்ஸ் 80 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால், நூல் 90 சென்டிமீட்டரில் முட்டும். பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான். லென்ஸை 20 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள்: நூல் 5 மீட்டர் தாண்டிப் போய் விழும். 12 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள்: 16 மீட்டர்! ஒன்றரை மீட்டரிலிருந்து இருபது சென்டிமீட்டர் வரை இறங்கிக் கிடைத்த லாபத்தைவிட, கடைசி எட்டு சென்டிமீட்டரில் கிடைப்பது அதிகம். பதினாறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் சேறு, லென்ஸை 500-க்கு நீட்டி எடுத்தால் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். அந்த நிறத்தின் முன்னே உள்ளான் தனியாக, முழு ஆளாக நிற்கும்.

நீங்கள் படுக்க வேண்டும் என்று இந்தக் கணக்கில் எங்கேயாவது இருக்கிறதா? லென்ஸ்தான் தாழ வேண்டும். அதுவும் பறவை நிற்கும் தரையோடு ஒப்பிட்டுத்தான். அப்படியானால் பறவை நிற்கும் இடத்தைவிட உங்கள் கால் நிற்கும் இடம் பள்ளமாக இருந்தால் போதும் அல்லவா?

உப்பளத்தில் பள்ளத்துக்கா பஞ்சம்! உப்புநீர் ஓடும் வாய்க்கால்களில் இப்போது எது காய்ந்து கிடக்கிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நெஞ்சளவு ஆழமுள்ள வாய்க்கால் கிடைத்தால் அதற்குள் நின்றுகொண்டு, முழங்கைகளைக் கரையில் ஊன்றி, மூட்டை மேல் லென்ஸை வையுங்கள். முழங்காலும் மடங்க வேண்டாம், கழுத்தும் முறிய வேண்டாம். இறங்கும் முன் ஒரு கம்பால் தட்டிவிட்டு இறங்குங்கள். பாம்புக்கும் அந்த நிழல் பிடிக்கும்.

அவ்வளவு ஆழம் இல்லையென்றால் வரப்பைப் பயன்படுத்துங்கள். மேய்ந்து முடித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரப்பு மேல் வந்து ஒற்றைக்காலில் நிற்கும். பார்த்திருப்பீர்கள். அதற்கு எதிர் வரப்பின் பின்பக்கம், காய்ந்த பாத்திக்குள் ஒரு பலகையைப் போட்டுக் காலை நீட்டி உட்காருங்கள். உங்கள் வரப்பின் தலையில் லென்ஸ், அவர்கள் வரப்பின் தலையில் பறவை. இரண்டும் ஒரே மட்டம். உங்கள் உடம்பையும் வரப்பு மறைத்துக்கொள்ளும். பறவைக்கு வரப்பு மேல் ஒரு தொப்பிதான் தெரியும்.

மூட்டை என்றேன். கடையில் விற்பதை வாங்க வேண்டாம். கட்டித் துணியில் தலையணை உறை மாதிரி ஒன்று தைத்து அதில் உமியை அடையுங்கள். நான் முதலில் பச்சைப்பயறு நிரப்பினேன். ஏரிக்கரையில் ஒருநாள் மழையில் நனைந்ததைக் கவனிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் துணியைக் கிழித்துக்கொண்டு முளை விட்டிருந்தது. வீட்டில் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

எதிரே சமதரை, பள்ளமே இல்லை என்றால் அலுமினியத் தாம்பாளம் ஒன்றின் நடுவே துளை போட்டு, 3/8 அங்குலத் திருகாணியால் கேமரா முக்காலியின் தலையை மட்டும் அதில் பொருத்துங்கள். ஈரச் சேற்றில் படகு மாதிரி தள்ளிக்கொண்டே போகலாம். நான் முதலில் இரும்புத் தோசைக்கல்லில் செய்தேன். உப்புக் காற்று ஒரே பருவத்தில் அதைத் தின்றுவிட்டது. இதற்கு மட்டும் குனியத்தான் வேண்டும். கேமராவின் கண்பகுதியில் மாட்டி, மேலிருந்து பார்க்கும்படி செய்கிற செங்கோணக் குழல் ஒன்று பழைய கேமராக் கடைகளில் கிடைக்கும். உங்கள் கேமராவுக்குப் பொருந்துவது இருக்கிறது. அது கிடைத்தால் பாதிக் கழுத்து வலி போகும்.

இன்னொன்று. தூரத்தை மறக்காதீர்கள். நின்றுகொண்டே எடுத்தாலும் 8 மீட்டரில் 10 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள், 20 மீட்டரில் 4 டிகிரிதான். பறவையை நெருங்க நெருங்கப் படம் பெரிதாகும், ஆனால் நீங்கள் அதன் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகிறீர்கள். கூழைக்கடா, பூநாரை போன்ற பெரியவற்றுக்குத் தள்ளி நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். இங்கே கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமானுக்கு நான் படுப்பதே இல்லை. படுத்தால் லென்ஸ் முழுக்கப் புல்தான். அனுமதி வாங்கிக்கொண்டு போய், நாற்காலி உயரத்தில் உட்கார்ந்தால் கொம்பும் கண்ணும் நேராக இருக்கும். மட்டம் என்பது விலங்குக்கு விலங்கு மாறும். தரை மட்டம் வேறு, கண்மட்டம் வேறு.

எடைமேடை எழுதியது:

பழைய உள்ளான் ஐயா, உங்கள் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. இருபத்தாறு வருடம் டன் கணக்கு எழுதினேன். என் உயரத்துக்கு யாரும் இப்படிக் கணக்கு போட்டதில்லை.

வாய்க்கால் எனக்குத் தெரியும். பழைய மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு வருடமாகத் தண்ணீர் விடாத ஒன்று இருக்கிறது. மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது!

ஒரு சந்தேகம். அன்று படுத்து எடுத்த நாலைந்து படங்களிலும் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகிறது. ஃபோகஸ் சரியாகத்தான் வைத்தேன். லென்ஸில் பழுதா? மணி அப்போது பத்தரை இருக்கும்.

பழைய உள்ளான் எழுதியது:

லென்ஸைச் சந்தேகிக்காதீர்கள். அது கானல். வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகி அலையும். நின்று எடுக்கும்போது அந்த அலையும் காற்றைச் சாய்வாகக் கடந்துவிடுகிறீர்கள். கண்மட்டத்தில் எடுக்கும்போது 8 மீட்டரும் அதற்குள்ளேயே பார்க்கிறீர்கள். தாழ்ந்து எடுப்பதற்குத் தண்டம் இது. எந்த லென்ஸும் தப்ப முடியாது. சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து மேகம் மூடிய நாள் என்றால் கானல் தொல்லை இல்லை, வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டுப் படமெடுங்கள்.

உப்பளத்துக்கென்று ஒரு வரமும் இருக்கிறது. எங்கள் புல்வெளியில் அது கிடையாது. காலை வெயில் உப்பில் பட்டுக் கீழிருந்து மேலே திரும்பும். பறவையின் வயிற்றுக்கும் தாடைக்கும் அடியில் நிழலே விழாது. கல்யாணக் கூடத்தில் போட்டோக்காரர் பிடிப்பாரே வெள்ளைத் தட்டி, அந்த வேலையை உங்கள் பாத்தி செய்துவிடும். ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்துக் கேமரா மிரண்டு படத்தைக் கறுப்பாக்கும். கேமராவின் +/- அமைப்பில் வெளிச்சத்தை முக்கால் முதல் ஒரு படி கூட்டி வையுங்கள்.

லென்ஸ் தரையில் இருக்கும்போது முன்னால் கிடக்கும் மண்கட்டியையே கேமரா பிடிக்கப் பார்க்கும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்து அதைக் கண்ணின் மேல் போடுங்கள். 5 மீட்டரில் லென்ஸை 500-இல் வைத்து அதன் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தால் தெளிவு விழும் ஆழம் 2 சென்டிமீட்டர்தான். கண் தப்பினால் எல்லாம் தப்பியது. கொசு உள்ளான் கொத்துகிற வேகத்துக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடியைவிட மெதுவாக வேண்டாம்.

மசினகுடிக்காரி எழுதியது:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். இதைப் படிக்கும் யாராவது முதுமலைக்கு வந்து 'லென்ஸ்தான் தாழ வேண்டும்' என்று வண்டியிலிருந்து இறங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். போன மாதம் ஒருவர் புள்ளிமானுக்காகச் சாலையோரம் இறங்கி முட்டிபோட்டு உட்கார்ந்தாராம். லன்டானாப் புதருக்கு அந்தப் பக்கம் யானைகள் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. எதிரே வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திக் கத்தி ஏற்றியிருக்கிறார். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதே குற்றம். இறங்குவது அதைவிடப் பெரியது.

உப்பளத்தில் நீங்கள் படுத்தால் உள்ளான் உங்களைத் தின்னாது. இங்கே படுக்கிற ஆளை எதுவும் செய்யலாம்.

சவாரி வண்டியில் இருந்துகொண்டே மட்டம் பிடிக்க வழி இருக்கிறது. சாலை எங்கே பள்ளமாக இறங்குகிறது, பக்கத்து மேடு எங்கே உயர்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். மேட்டில் நிற்கும் மானுக்கு, பள்ளத்தில் நிற்கும் வண்டியின் இருக்கை சரியான கண்மட்டம். பெரிய யானைக்கு வண்டியில் உட்கார்ந்திருந்தாலே உங்கள் கண் அதன் கண்ணுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அதற்கு மேல் இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? குட்டியைத்தான் எப்போதும் மேலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் தூரம்தான் மருந்து. பக்கத்தில் போகாதீர்கள். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்.

கறுப்புவெள்ளை (மதுரை) எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டதால் மறுபக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

இப்போது வருகிற பறவைப் படங்களைப் பத்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாம் கண்மட்டம். எல்லாவற்றுக்கும் பின்னால் பாலாடை மாதிரி மங்கல். முன்னாலும் பாலாடை. நடுவில் ஒரு பறவை. அது தூத்துக்குடியில் நிற்கிறதா துருக்கியில் நிற்கிறதா என்று எடுத்தவர் சொன்னால்தான் தெரியும். எடைமேடை ஐயாவின் பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் இருக்கிறது, வாரி போடும் பெண்கள் இருக்கிறார்கள், லாரி இருக்கிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வந்த கைப்பிடி அளவுப் பறவை மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதல்லவா செய்தி? அதை ஏன் கரைத்துவிட வேண்டும்?

மா. கிருஷ்ணன் (1912–1996) யானை மீது அமர்ந்தும் காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். கண்மட்டத்துக்கு மேலே என்றால் அதைவிட மேலே போக முடியாது. யானை மேல் இருக்கும் மனிதனை மற்ற விலங்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கண்மட்டம் போனாலும் விலங்கு இயல்பாக இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. விலங்கு மிரண்டு பார்க்கும் கண்மட்டப் படத்தைவிட, மேலிருந்து எடுத்தாலும் அது தன் வேலையைச் செய்கிற படம் எனக்குப் போதும்.

பழைய உள்ளான் எழுதியது:

மதுரைக்காரர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்குப் பதில்: வரப்புக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவனையும் பறவை பொருட்படுத்துவதில்லை. யானை கிடைக்காதவனுக்கு வரப்பு.

பருவத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எனக்கே அவமானம் என்பதால்தான் விட்டேன். பல வருடம் முன்பு ஒரு ஏப்ரல் மாதம், காய்ந்த குளத்து மேட்டில் படுத்து ஊர்ந்து போனேன். ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. அதுதான் எப்போதும் கத்துமே என்று நான் பாட்டுக்குக் கிடந்தேன். இருபது நிமிடம். கையை ஊன்றி எழப் போனபோது, உள்ளங்கை விழ இருந்த இடத்தில் நாலு முட்டைகள். மண் நிறம், கறுப்புப் புள்ளிகள், கூரிய முனைகள் நாலும் நடுவே சேர்ந்தபடி. கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் மண்ணில் சின்னக் குழி. சுற்றிலும் பொடிக்கற்கள். அந்த வெயிலில் தாய் இருபது நிமிடமாக அவற்றுக்கு நிழல் கொடுக்க முடியவில்லை, என்னால்.

வந்த தடத்திலேயே திரும்பிப் போனேன். அன்று எடுத்த படங்கள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் அளத்தில் பவளக்காலியும் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வரப்பிலேயே முட்டையிடும். மார்ச் பிறந்தால் வரப்பு மேல் படுப்பதும் தவழ்வதும் வேண்டாம். தலைக்கு மேல் ஒன்று கத்தினால் திட்டுகிறது என்று நினைக்காதீர்கள், இடத்தைக் காலி செய்யுங்கள்.

சேற்றுத்தவளை எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். போன வருடம் மே மாதம் பெரும்பாக்கத்தில் ஒன்று இப்படித்தான் என்னைச் சுற்றிக் கத்தியது. நான் அதைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பறக்கும்போது நல்ல நல்ல படங்களாக விழுகிறதே என்று சந்தோஷம் வேறு.

எடைமேடை எழுதியது:

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

முதல் ஞாயிறு வாய்க்காலுக்குள் ஆறு மணிக்கே இறங்கிவிட்டேன். கம்பால் தட்டினேன். பாம்பு இல்லை, ஒரு பழைய ரப்பர் செருப்பு இருந்தது. உமி மூட்டை மேல் லென்ஸ். நெஞ்சுக்கு நேரே பாத்தியின் ஓரம். அந்த உயரத்தில் பாத்தியை நான் பார்த்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மேலிருந்தே பார்த்தவனுக்கு, அரை அங்குலத் தண்ணீரில் வானம் முழுசாகக் கிடப்பது அன்றுதான் தெரிந்தது. அன்று பறவை வரவில்லை. வந்தவை தூரத்திலேயே மேய்ந்துவிட்டுப் போயின. எட்டு மணிக்குக் கானல் தொடங்கியதும் ஏறிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு ஒரு கூத்து நடந்தது. உப்பு வாரப் போன பெண்கள் வரப்பு வழியே வந்தார்கள். வாய்க்காலின் விளிம்பில் என் தலையும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்திருக்கின்றன, அசையாமல். ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "கணக்கையா விழுந்துவிட்டார், கணக்கையா விழுந்துவிட்டார்!" என்று கூச்சல். மற்றவர்களும் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பறவை படமெடுக்கிறேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வயதில் மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "அதற்கு எதற்கு ஐயா குழிக்குள் போனீர்கள்?" தவளைத் தம்பியின் பாயில் படுத்திருந்தால் மாலையே வாங்கி வந்திருப்பார்கள்.

மூன்றாவது ஞாயிறு அந்த அம்மாவே காலையில் சொன்னார், குருவி எல்லாம் இன்று கடைசி வாய்க்கால் பக்கம் என்று. அங்கே ஆழம் இடுப்பளவுதான். பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். ஆறே முக்காலுக்குக் கொசு உள்ளான் கூட்டம் இடப்பக்கத்திலிருந்து ஓரத்தை ஒட்டி மேய்ந்துகொண்டே வந்தது. பதினைந்து மீட்டர், பத்து, ஆறு. நான் மூச்சுவிடுவதா வேண்டாமா என்று இருந்தேன். ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு நேரே வந்தது. நாலு கொத்து, இரண்டு அடி ஓட்டம், மறுபடி நாலு கொத்து. கடைசியில் லென்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்ததென்றால், கேமராவால் அதைப் பிடிக்க முடியவில்லை. இந்த லென்ஸுக்கு 2.2 மீட்டருக்குள் வந்தால் கண் தெரியாது. நானும் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அலகு நுனியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நின்றது. தலையை உதறியதும் சொட்டு போனது. முதுகில் ஓர் இறகு மட்டும் வரிசை தப்பித் தூக்கிக்கொண்டிருந்தது, தலை சீவாமல் பள்ளிக்கூடம் போகிற பையன் மாதிரி. அதன் கால் சேற்றில் படுகிற சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. கேட்டது.

அது திரும்பிப் போகும்போது ஆறு படம் எடுத்தேன். நாலில் கண் தெளிவில்லை. இரண்டு தேறின. ஒன்றை மகளுக்கு அனுப்பினேன். "இது யார் எடுத்தது?" என்று பதில் வந்தது.

மதுரை ஐயா சொன்னதும் மனத்தில் இருந்ததால், கிளம்பும் முன் நின்றுகொண்டு அகலமாக ஒரு படமும் எடுத்தேன். உப்புக் குவியல், பின்னால் கூடையோடு பெண்கள், முன்னால் பாத்தியில் ஏழெட்டுப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் பறவை என்று நான்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எடைமேடை அறையில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன். லாரிக்காரர்கள் சீட்டு வாங்கும்போது எண்ணிப் பார்க்கிறார்கள். ஒருவர் ஒன்பது என்றார்.

கேமராவின் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பழைய உள்ளான் எழுதியது:

துடைக்கலாம், ஆனால் குடிதண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால். உலர்ந்த துணியால் உப்பைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதுகுழலால் ஊதிவிடுங்கள். லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையத்தின் ஓரத்தையும், லென்ஸ் நீண்டு வருகிற குழலையும் தனியாகப் பாருங்கள், அங்கேதான் சேரும். உப்பு வீட்டுக்குள்ளும் ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே துடைத்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

அந்த இரண்டு படங்களையும் இங்கே போடுங்கள். இறகு தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தை முதலில்.